எட்டின் மடங்கு

கையேட்டின் இருநூற்றுப் பதினான்காம் பக்கம்,
அடிக்குறிப்பு, எறும்பு எழுத்து:
மார்க்கரின் இடம் எட்டுப் புள்ளிகளின் மடங்காகவே அமையும்.
இந்த ஒரு வரிக்கு வந்து சேர
எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

தக்கலையில், பேக்கரிக்கு மேலே மாடியறை.
ஆனிச் சாரலில் மரம் ஊறி
ஜன்னல் திறக்க மறுக்கிறது.
பெங்களூர் ஏலத்தில் எடுத்த அலையாக்கி,
நெற்றியில் யாரோ எப்போதோ ஒட்டிய மாம்பழ ஸ்டிக்கர்.
விநாடிக்கு நூறு கோடிப் புள்ளி.
கேட்ட வடிவமெல்லாம் வரையும்:
மலை, பல்வரிசை,
முட்டத்துப் பாறையில் ஏறிச் சிதறும் ஒன்று.

அதன் ஓரத்தில் ஒரு சின்ன வாய், மார்க்கர்.
வடிவம் கிடையாது அதற்கு.
'இப்போது' என்று சொல்வது மட்டும் வேலை.
அந்த 'இப்போது' கேட்டுத்தான்
எங்கள் ராடாரின் காது திறக்க வேண்டும்.

ஆயிரத்து மூன்று என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது. பச்சை விளக்கு.
உள்ளே போய், யாரிடமும் சொல்லாமல்,
ஆயிரம் என்று மாற்றி எழுதிக்கொண்டது.
முடியாது என்றிருந்தால்
கோபித்திருக்க மாட்டேன்.

மூன்று நானோ விநாடி முன்னால் திறந்து
மூன்று நானோ விநாடி முன்னால் மூடும் காது.
துடிப்பு வால் அறுந்து வந்தது,
தினமும் அதே இடத்தில்.
ஆண்டெனாவைச் சந்தேகித்தேன்,
மழையை, மின்வாரியத்தை,
நான் பற்றவைத்த ஈயத்தை,
கடைசியில் என்னை.

"அலைய அஞ்சு புள்ளி தள்ளி வச்சா தீந்துல்லா?"
என்றான் ததேயுஸ்.
தள்ளலாம். அலை ஷேர் ஆட்டோ,
நினைத்த இடத்தில் இறங்கும்.
மார்க்கர்தான் அரசுப் பேருந்து,
திருவிதாங்கோடு விட்டால் இரணியல்,
நடுவில் கை காட்டினால் டிரைவர் முகம் திரும்பாது.
ஆனால் அலையைத் தள்ளினால்
அதற்குள் நாங்கள் மிதக்கவிட்ட வள்ளமும் தள்ளிப் போகும்.
முக்கால் மீட்டர்.
"முக்கா மீட்டர்தானே" என்று தொடங்கியவன்
நிறுத்திக்கொண்டான்.
போன வருஷம் குளச்சலுக்கு மேற்கே, இரவில்,
அவன் மைத்துனன் ஆன்றோவின் வள்ளத்தை
ஒரு கப்பல் உரசிப் போனது.
உரசியது, ஏறவில்லை.
நடுவில் இருந்த தூரத்தை யாரும் அளக்கவில்லை.

பிறகு கம்பி.
கணக்கு எனக்கு முன்பே தெரியும்,
கைக்குத்தான் தெரிந்திருக்கவில்லை:
கோஆக்சியல் கம்பிக்குள் ஒரு நானோ விநாடி
இருபது சென்டிமீட்டர் போகும்.
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பார்த்தேன்.
என் சாண்.
முந்திக்கொண்டு வந்த மார்க்கரை
மூன்று சாண் சுற்றி வா என்று அனுப்பினால் போதும்.

வெட்டி, தோலுரித்து, கனெக்டர் முறுக்கினேன்.
ஆசிலாஸ்கோப்பில் இரண்டு விளிம்பும் ஒரே கோட்டில் எழுந்தன.
பெருக்கிப் பார்த்தால் இன்னும் நடுங்குகிறது,
நாற்பது பிக்கோ விநாடி,
சுண்டுவிரல் நகத்தின் அகலம்.
அதைக் கம்பி நிறுத்தாது. நடுங்கட்டும்.
ததேயுஸ் கீழே போய் ரசவடை வாங்கி வந்தான்.
எண்ணெய்க் கையோடு எதையும் தொடாதே என்றேன்.
தொட்டான்.

அடுத்த வள்ளம் ஆயிரத்து ஆறில். ஆறு சாண்.
அதற்கடுத்தது தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. ஐந்து.
ஒன்று முதல் ஏழு வரை வெட்டிச்
சுவரில் தொங்கவிட்டேன்.
எட்டாவது தேவையில்லை.
எட்டு என்றால் அடுத்த நிறுத்தம்,
மார்க்கர் தானே போய்க்கொள்ளும்.

எண்சாண் உடம்பு என்பார்கள்.
எட்டு இருபது நூற்று அறுபது.
என் உயரம் அதுதான்,
கல்லூரி மருத்துவச் சான்றிதழில் இருக்கிறது.
அந்த இயந்திரம் எடுத்துவைக்கும் ஒரு எட்டு
என் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை.
நடுவில் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

எட்டாவது ஆணியும் அடித்தாகிவிட்டது.
அதில் என் குடை
சொட்டிக்கொண்டிருக்கிறது.